விடுமுறையும் வீண் செலவும்

ஆண்டு முடிவு நெருங்கியவுடன் நம் குடும்பங்களிற் பெரும்பாலானவற்றைக் கவலை ஒன்று பிடித்துக்கொள்கிறது. பள்ளிக்கூடங்கள் மூடப்படுகின்றன, பிள்ளைகள் “எங்கே அழைத்துப் போகிறீர்கள்?” என்று கேட்கின்றனர். தகப்பன் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறான்; தாய், அடகு வைக்கத்தக்க நகை ஏதேனும் மிச்சமிருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிறாள். கையில் உள்ளவன் செலவழித்துவிட்டு வந்து தை மாதம் முழுவதும் கணக்குப் பார்த்துப் புலம்புகிறான். இல்லாதவன் கடன் வாங்கிச் செலவழித்துவிட்டு அடுத்த தீபாவளி வரையில் வட்டி கட்டுகிறான். கடனும் கிடைக்காதவன் பிள்ளைகளைத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் உட்காரவைத்துவிட்டு, “நமக்கு விதித்தது இவ்வளவுதான்” என்று பெருமூச்சு விடுகிறான். இம்மூவரும் வெவ்வேறு வழியிற் செல்வோராகத் தோன்றினாலும் மூவர் நெஞ்சிலும் உள்ள நம்பிக்கை ஒன்றே. அதாவது, விடுமுறை என்பது விலை கொடுத்து வாங்கவேண்டிய பண்டம் என்பதே. இந்த நம்பிக்கை பொய்யானதென்பதும், ஏழைக் குடும்பங்களுக்கு இது பெருங்கேடு விளைப்பதென்பதும், இதனால் இலாபம் அடைவோர் வேறு சிலர் என்பதுமே நாம் இங்கு எடுத்துக்காட்ட விரும்புவன.

மலேசியாவில் கொள்ளை நோய்க்குப் பின் சில ஆண்டுகள் மார்ச்சு, பிப்ரவரி என்று தள்ளிப்போயிருந்த பள்ளியாண்டு, 2026 முதல் பழையபடி ஜனவரியிலேயே தொடங்குகிறது. ஆகவே டிசம்பர் விடுமுறை மீண்டும் ஆண்டிறுதி விடுமுறையாகிவிட்டது. அந்நாட்களில் ஈப்போவிலிருந்தும், கோலாலம்பூரிலிருந்தும், கிள்ளானிலிருந்தும் வண்டிகள் ஏறிச் செல்லும் இடங்களுள் முதன்மையானது பகாங்கைச் சேர்ந்த கேமரன் மலை. நம் வழக்கை அம்மலையின் மேல் வைத்தே பேசுவோம்.

குளிர் என்னும் சரக்கு

மலேசியாவில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. நவம்பர் முதல் மார்ச்சு வரையில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும், மழை பெய்யும், அவ்வளவே. கேமரன் மலையின் குளிர், காலத்தால் வந்ததன்று; உயரத்தால் வந்தது. தானா ராத்தா நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் வெப்பம் சராசரி 18 பாகை அளவிலேயே நிற்கும். 1978ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் 7.8 பாகைக்கு இறங்கியதே இன்றளவும் பெரிய செய்தியாகப் பேசப்படுகிறது. பனிக்கட்டி அங்கு விழுந்ததில்லை.

அப்படியிருக்க, அம்மலை ‘குளிர்கால விடுமுறை’க்கு உரிய இடமாக ஆனது எப்படி? 1885இல் நிலஅளவை உத்தியோகஸ்தரான வில்லியம் கேமரன் என்பவர் அப்பக்கம் சென்று மேட்டு நிலம் ஒன்று இருப்பதைத் தெரிவித்தார். 1925இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் அங்குச் சென்று பார்த்த பின்னரே அதனை மலைவாசத் தலமாக்கும் எண்ணம் வலுப்பெற்றது. 1931இல் தாப்பாவிலிருந்து வண்டிப் பாதை திறந்தது. பாதையைத் தொடர்ந்து துரைமாரின் மாளிகைகள் வந்தன. கணப்பு அடுப்புகள் வந்தன. ரோஜாத் தோட்டங்களும் ஸ்டிராபெரிப் பழமும் வந்தன. சமவெளியின் வெயிலில் வாடிய வெள்ளை உத்தியோகஸ்தன், ஆறாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள தன் ஊரை நினைத்து ஏங்கி, அதன் சாயலை அம்மலைமேல் கட்டிக்கொண்டான். ஊரை விட்டு வந்த எவனுக்கும் அந்த ஏக்கம் உண்டாவது இயல்பு. அதற்காக நாம் அவனைக் குறை கூற வரவில்லை.

நாம் கேட்பது நம்மவரை. துரை கட்டியது அவன் ஊரின் நகல். துரை போய்த் தலைமுறைகள் கழிந்த பின், நாம் காசு கொடுத்து வாங்குவது எதனை? அந்த நகலின் நகலை! கம்பளிக் குல்லாய் ஒன்று, ஸ்டிராபெரிப் பழம் பதித்த பண்டம் ஒன்று, தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று எடுத்த படம் ஒன்று. இவை மூன்றும் கிடைத்துவிட்டால் மலையைப் பார்த்தாயிற்று என்று எண்ணுகிறோம். இவற்றிற்காக ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரையில் வண்டிகளின் நெரிசலில் பல மணி நேரம் பிள்ளைகளைப் பூட்டிவைக்கிறோம். ஊரில் விட்டுவந்த புகையையே மலையிலும் சுவாசித்துவிட்டுத் திரும்புகிறோம்.

செலவையும் சற்றுக் கணக்கிடுவோம். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் மலேசியாவில் குறைந்த அளவு மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்று சர்க்கார் விதித்தது. வாரத்தில் ஆறு நாள் உழைப்பவனுக்கு இது நாளொன்றுக்கு ஏறத்தாழ 65 வெள்ளி ஆகிறது. தாய் தகப்பன் பிள்ளைகள் இருவர் ஆக நால்வர், மலைக் காட்சி தெரியும் சிற்றுண்டிச் சாலையொன்றில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்தால் இந்த ஒரு நாட்கூலி கரைந்துவிடக் கூடும். விடுதி வாடகையும் எண்ணெய்ச் செலவும் தனி. எட்டு மணி நேர உழைப்பை அரைமணி நேரத்தில் விழுங்குவதை ஓய்வு என்று சொல்லுவது எந்த நியாயம்? அந்தக் காட்சியோ, சாலையோரத்தில் நின்று பார்த்தாலும் அதே காட்சிதான். மலை தன் முகத்தைக் கட்டணம் கட்டியவனுக்கு ஒரு விதமாகவும் கட்டாதவனுக்கு வேறு விதமாகவும் காட்டுவதில்லை.

மலையை ஆக்கியவர் யார்?

இன்று படத்தில் அழகாக விழும் அந்தப் பச்சைச் சரிவுகள் தாமாக முளைத்தவை அல்ல. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது அங்கிருந்தது அடர்ந்த காடு. அக்காட்டை அழித்து, சரிவிலே கன்று நட்டு, கொழுந்து பறித்து, கூடை சுமந்தவர்களிற் பெரும்பாலோர் தமிழர்கள். கங்காணி முறையால் தென்னாட்டுச் சிற்றூர்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். 1938இல் இந்திய சர்க்கார் அம்முறையான ஆள்சேர்ப்பைத் தடுத்து நிறுத்திய பின்னும், வந்தவர்களின் மக்களே அவ்வுழைப்பைத் தொடர்ந்தனர். துரையின் கணப்பு அடுப்புக்கு விறகு பிளந்தவனும், அவன் பிள்ளைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தவளும், அவன் விடுமுறைக்கு வந்த மாளிகையைப் பெருக்கியவளும் லயத்திலிருந்து வந்தவர்களே. ஒரு கூட்டத்தாரின் ஓய்வு, மற்றொரு கூட்டத்தாரின் ஓய்வின்மையால் செய்யப்பட்டது. கேமரன் மலையின் முதற் பாடம் இதுவே.

இன்று நிலைமை மாறியிருக்கிறது, நீதி மாறவில்லை. கொழுந்து வெட்டுவோரில் பலர் இப்போது வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். விடுமுறைக்காகத் தம் பிள்ளைகளைப் பார்க்கப் போக வழியில்லாதவர்கள். மலையில் நிலைத்துவிட்ட தமிழரோ தொழிற்சாலையிலும், காய்கறித் தோட்டத்திலும், வண்டி ஓட்டுவதிலும், கடையிலும் உழைக்கின்றனர். டிசம்பர் வந்தால் சமவெளியாருக்கு விடுமுறை. மலையாருக்கு வேலை இரட்டிப்பு. தாய் கடையிலே நிற்பாள்; தகப்பன் வண்டியிலே இருப்பான்; பிள்ளை வீட்டிலே கிடக்கும். மலைக்கு வந்தவர் பிள்ளை மலையைப் பார்க்கிறது. மலையிலே பிறந்த பிள்ளை, வந்தவரின் வண்டியைப் பார்க்கிறது. தேயிலைச் செடியின் இடையே நின்று படமெடுத்துக்கொள்ளும் நம் தமிழ்க் குடும்பத்தாருள், “இச்செடியை நட்டவர் என் பாட்டியைப் போன்ற ஒருத்தி” என்று தம் பிள்ளைக்குச் சொல்லுவோர் எத்தனை பேர்?

ஓய்வு பிச்சை அன்று

“கூலிக்காரனுக்கு விடுமுறை என்ன வேண்டிக்கிடக்கிறது?” என்று கேட்கும் பெரியோர் இன்றும் நம்மிடையே உண்டு. இவர்களுக்கு உலகம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1936இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் சம்பளத்துடன் கூடிய விடுமுறைக்கு ஓர் ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டு பிரான்சில் லியோன் புளூம் அமைத்த மந்திரிசபை, தொழிலாளர் அனைவருக்கும் ஆண்டில் இரண்டு வாரச் சம்பள விடுமுறையைச் சட்டமாக்கியது. அம்மந்திரிசபையைச் சேர்ந்த லியோ லகிராஞ்சு என்பவர் இரயில் கட்டணத்தில் நூற்றுக்கு 40 பங்கு குறைத்து விடுமுறைச் சீட்டுகள் கிடைக்கச் செய்தார். அந்தக் கோடையில் இலட்சக்கணக்கான தொழிலாளர் இரயிலேறிப் புறப்பட்டனர். கடலை முதன்முறை கண்டவர்கள் அவர்களுள் பலர். 1948இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் பிரிவு, ஓய்வும், சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் ஒவ்வொரு மனிதனின் உரிமை என்று கூறுகிறது. மலேசியாவிலேயே 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டாண்டுக்குக் குறைந்த வேலைக்காரனுக்கு ஆண்டில் 8 நாளும், அதற்கு மேல் ஐந்தாண்டு வரை 12 நாளும், ஐந்தாண்டு நிறைந்தவனுக்கு 16 நாளும் சம்பள விடுமுறை உண்டு. இதைக் கேட்டுப் பெறுவதற்கு யாரும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கவேண்டியதில்லை.

ஆனால் சட்டம் நாளைத்தான் தரும்; அந்நாளைக் கழிக்கும் வழியைத் தராது. அதற்கும் தொழிலாளரே வழி கண்டிருக்கின்றனர். 1895இல் வியன்னா நகரில் தொழிலாளர் சிலரும் ஓர் ஆசிரியரும் சேர்ந்து ‘இயற்கையின் நண்பர்கள்’ என்றொரு சங்கம் தொடங்கினர. பணக்காரரின் விடுதிகளில் தங்கத் தங்களால் முடியாது என்று கண்ட அவர்கள், மலைகளில் தங்கள் கையாலேயே எளிய குடில்களைக் கட்டி, தம் போன்ற குடும்பங்களை அங்கே தங்கச் செய்தனர். இங்கிலாந்திலோ, 1932 ஏப்ரலில் மான்செஸ்டர்ப் பக்கத்து ஆலைத் தொழிலாளர் பல நூறு பேர், பிரபுக்கள் பறவை வேட்டைக்கென்று அடைத்துவைத்திருந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டில் தடையை மீறி நடந்தனர். ஐவர் சிறை சென்றனர். நடப்பதற்காகச் சிறை! அவர்கள் கேட்டது விருந்தன்று, விடுதியன்று. மலைமேல் நடக்கும் உரிமை ஒன்றே. நமக்கோ நடக்கத் தடையில்லாத பாதைகள் எத்தனையோ திறந்து கிடக்கின்றன. நாம் நடப்பதில்லை.

கட்டுச்சோற்று வெட்கம்

ஏன் நடப்பதில்லை? வெட்கம்! கட்டுச்சோறு எடுத்துச் சென்றால் எளியவர் என்று எண்ணிவிடுவார்களாம். படம் எடுத்து ஊராருக்குக் காட்ட எதுவும் இராதாம். இந்த வெட்கத்தை நமக்குக் கற்றுக்கொடுத்தவன் எவன்? வையையில் புதுவெள்ளம் வந்தால் மதுரை மக்கள் திரண்டு சென்று நீராடியதைப் பரிபாடல் பாடுகிறது. புகார் நகரத்தார் கடலாடச் சென்றதற்குச் சிலப்பதிகாரம் ஒரு காதையையே ஒதுக்கியிருக்கிறது. ஆடிப்பெருக்கில் எலுமிச்சஞ் சோறும் புளிச்சோறும் கட்டிக்கொண்டு ஆற்றங்கரை சென்று கூடி உண்பதும், காணும் பொங்கலன்று உற்றாருடன் ஊர்ப்புறம் போவதும் இன்றும் தமிழ்நாட்டில் நடப்பவை. குடும்பத்தோடு வெளியே சென்று உண்டு களிப்பதை எவரிடமும் நாம் கடன் வாங்கவேண்டியதில்லை. கடன் வாங்கியது வெட்கத்தை மட்டுமே.

இங்கே ஆண்மக்களுக்கு ஒரு சொல். கட்டுச்சோறு சிக்கனமானது என்று நாம் சொன்னவுடன், “நல்லது, அவள் விடியற்காலம் நான்கு மணிக்கு எழுந்து கட்டிவிடுவாள்” என்று மகிழ்வோர் இருப்பர். அவர்களுக்காக இதை எழுதவில்லை. ஆண்டு முழுவதும் அடுப்படியில் நின்றவள் விடுமுறையிலும் அடுப்படியில் நிற்பதாயின், அக்குடும்பத்தில் விடுமுறை எடுத்தவர் யார்? சோறு வடிப்பதும், புளி கரைப்பதும், பாத்திரம் துலக்குவதும் தகப்பனும் மகனும் செய்யத்தக்க வேலைகளே. செலவு குறைந்த விடுமுறை என்பதற்குப் பெண்ணின் உழைப்பால் ஈடுகட்டிய விடுமுறை என்று பொருளானால், அது சிக்கனமன்று, திருட்டு.

செய்யத்தக்கது என்ன?

குடும்பங்களுக்கு நாம் கூறுவது எளியது. இயன்றால் கூட்டம் மிகுந்த நாட்களை விட்டு வாரத்தின் நடுநாட்களிற் செல்லுங்கள். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரையிலுள்ள சுமார் 60 கிலோமீட்டர் மலைப்பாதையே பிள்ளைகளுக்கு ஒரு பாடம். உயரம் ஏற ஏறக் காற்றும் மரமும் மாறுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். தானா ராத்தாவை ஒட்டியே பாரிட் அருவிக்கும் ராபின்சன் அருவிக்கும் நடைபாதைகள் உண்டு. விடியற்காலத்தில் தோட்டத்துச் சாலையில் நின்று, பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் எழுவதைக் காட்டுங்கள். எண்ணிட்ட காட்டுப்பாதைகளில் ஊரார் ஒருவர் துணையின்றி நுழையாதீர்கள். 1967இல் தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் அப்பக்கம் உலாவச் சென்று காணாமற் போனவர், இன்றளவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பெருமழை நாளில் மலையேறவும் வேண்டாம். 2013 அக்டோபரில் அணை நீர் திறக்கப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் உயிர்களைக் கொண்டு போனதையும், சரிவுகளைக் கண்டபடி வெட்டியதன் கேட்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

தேயிலைத் தொழிற்சாலைக்குச் சென்றால், தேநீர் குடிப்பதோடு திரும்பிவிடாமல், கொழுந்து வாட்டப்படுவதையும், உருட்டப்படுவதையும், புளிக்க வைக்கப்படுவதையும், உலர்த்திச் சலித்துப் பிரிக்கப்படுவதையும் பிள்ளைகளுக்கு விளக்குங்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். வெட்டாமல் விட்டால் அச்செடி மரமாகவே வளர்ந்துவிடும். கைக்கெட்டும் உயரத்தில் அதனை நிறுத்தி வைத்திருப்பது மனித உழைப்பே. இதை அறிந்த பிள்ளை, வீட்டிலே குடிக்கும் ஒவ்வொரு குவளையிலும் ஒரு மலையைக் காணும்.

அடுத்தது, சங்கங்களுக்கும் பள்ளி வாரியங்களுக்கும் கோயில் நிர்வாகிகளுக்கும். தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் தோட்டங்களிலும் நம் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, மண்டபங்களும் இருக்கின்றன. விடுமுறையில் வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கின்றன. ஏழைக் குடும்பமோ விடுதி வாடகைக்கு அஞ்சி மலைப்பக்கமே வருவதில்லை. கல்வி இலாகாவின் அனுமதி பெற்று, பாயும் போர்வையும் கொண்டு வருவோருக்குச் சிறு தொகையில் இடம் தருவது அவ்வளவு கடினமா? வியன்னாத் தொழிலாளர் குடிலையே கட்டினார்கள். நாம் கதவைத் திறந்தாற் போதும். அத்தொகை அப்பள்ளியின் நூல் நிலையத்திற்கே போகட்டும்.

இதனினும் முக்கியமானது ஒன்று. சமவெளிப் பிள்ளைகள் மலைக்குப் போவது போல, மலைப் பிள்ளைகள் கடலுக்கு வரவேண்டும். ஈப்போவையும் லுமுட்டையும் சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள், கேமரன் மலைத் தோட்டப் பிள்ளைகளை விடுமுறையில் நான்கு நாள் தம் வீட்டிற்கு அழைத்துக் கடற்கரையைக் காட்டட்டும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை மலைக் குடும்பங்கள் அழைத்துத் தேயிலைக் காட்டைக் காட்டட்டும். இதற்கு வேண்டிய செலவு, பேருந்துக் கட்டணமும் தட்டில் இன்னும் ஒரு பிடி சோறுமே. சாதியும் பட்டமும் பார்த்துச் சம்பந்தம் பேசத் தெரிந்த நம் சங்கத்தார்க்கு, பிள்ளைகளை மாற்றி அனுப்பும் இச்சம்பந்தம் பேசத் தெரியாதா?

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. விடுமுறை நாட்களில் கடைகளும் தொழிற்சாலைகளும் மூடப்படவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சட்டம் தந்த 8, 12, 16 நாட்களில் ஒரு பகுதியேனும், பள்ளி விடுமுறையோடு பொருந்தும்படி முறை வைத்துத் தாய் தகப்பனுக்குத் தருவதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? பிள்ளை பள்ளியிலிருக்கும் நாளில் தகப்பனுக்கு ஓய்வு தருவது, சோறு ஒரு வீட்டிலும் குழம்பு மற்றொரு வீட்டிலும் வைப்பது போன்றது.

“இப்படி எல்லோரும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்தால் மலையிலுள்ள சிறு வியாபாரிகள் பிழைப்பது எவ்விதம்?” என்று கேட்பர். நியாயமான கேள்விதான். நாம் சொல்லுவது ஒன்றும் வாங்காதே என்பதன்று. எதை, யாரிடம் வாங்குகிறாய் என்று எண்ணிப் பார் என்பதே. காட்சிக்கு விலை கொடுப்பதை நிறுத்தி, சாலையோரச் சிறு கடைக்காரரிடமும் சந்தையிலும் கீரையும் தக்காளியும் வாங்கினால், அது உழைத்தவன் கையைச் சேரும்; நம் வீட்டுச் சட்டியிலும் வேகும். வாடகைச் செலவுக்கு அஞ்சி வராமலிருந்த நூறு குடும்பங்கள் வரத் தொடங்கினால் அச்சிறு கடைக்காரனுக்கு அது ஆதாயமே.

ஆகவே தோழர்களே! இந்த டிசம்பரில் உங்கள் பிள்ளைகள் “எங்கே அழைத்துப் போகிறீர்கள்?” என்று கேட்கும்போது சட்டைப் பையைத் தடவாதீர்கள். காலைத் தடவிப் பாருங்கள். நடக்கும் வலு அதில் இருக்கிறது. காட்டை அழித்து மலையை ஆக்கிய நம் முன்னோர் அம்மலையில் ஒரு நாள் ஓய்ந்து உட்கார்ந்து பார்க்க விடப்பட்டதில்லை. அவர் பேரப்பிள்ளைகள் அங்கே கடனாளியாக ஏறுவதும் அவமானம். ஏறாமலே இருந்துவிடுவதும் அவமானம். தலை நிமிர்ந்து, கடன் இன்றி, கட்டுச்சோற்றுடன் ஏறுங்கள். இறங்கும்போது மலைப் பிள்ளை ஒன்றைக் கடல் காட்ட உடன் அழைத்து வாருங்கள்.